பள்ளத்தூர் வீட்டில் வாய்ஸ் ஓவர் தொழில்: 40,000 ரூபாயை எதில் போடுவது?

கேள்வி – பள்ளத்தூரான்

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில ஒரு விளம்பரக் கம்பெனியில வேலை பார்த்துக்கிட்டே சைடுல குரல் கொடுத்துட்டு இருந்தேன். இப்ப ஆயாவுக்கு (எங்க பாட்டிக்கு) துணையா, காரைக்குடி பக்கம் பள்ளத்தூர் வீட்டோட வந்தாச்சு. இனி இதுதான் முழுநேரப் பிழைப்பு. அங்க ஸ்டுடியோவுக்குப் போவேன், பேசுவேன், வந்துருவேன். மத்ததெல்லாம் இன்ஜினியர் பார்த்துக்குவார். இங்க எல்லாமே நான்தான்.

கையில 40,000 ரூபா இருக்கு. மைக், அதை லேப்டாப்போட இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டி, ஹெட்போன் வாங்கணும். லேப்டாப் இருக்கு. பட்டாலையில (பெரிய கூடத்துல) உட்கார்ந்து போன்ல பேசிப் பதிஞ்சு பார்த்தேன், ஒவ்வொரு வார்த்தைக்கும் வால் முளைக்குது. ஆத்தங்குடிக் கல்லு, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசின சுவரு, தேக்குத் தூணு, எதுல பட்டாலும் சத்தம் திரும்பி வருது. வளவுல, அதான் நடு முற்றத்துல, கிளியும் மைனாவும் வேற. ஆன்லைன்ல ஃபோம் ஷீட் வாங்கி ஒட்டலாம்னா, அந்தச் சுவத்துல பசை பட்டா ஆயா என்னைச் சும்மா விடமாட்டாங்க.

பெங்களூரு கம்பெனி ஒண்ணு இ-லேர்னிங் வேலை, அதாவது ஆன்லைன் பாடத்துக்குக் குரல் கொடுக்கிற வேலை தர்றேங்குது. ரேட் கார்டு அனுப்பு, இன்வாய்ஸ் போடுங்கிறாங்க. வார்த்தைக்கு இவ்வளவுன்னு சொல்றதா, நிமிஷத்துக்கா? ஜிஎஸ்டி வேணுமா? எந்த மைக் நல்லது?

பதில் – காரைக்குடி ஆச்சி

தம்பி, மைக்கைக் கடைசியாக் கேளுங்க. முதல்ல அறை.

பட்டாலையை மறந்துருங்க. வளவைச் சுத்தி இருக்கிற அறைகள்ல, ஜன்னலே இல்லாத உள் அறை ஒண்ணு சாமான் போட்டுப் பூட்டிக் கிடக்கும். அதுதான் உங்க ஸ்டுடியோ. (பங்காளிக்குப் பாத்தியப்பட்ட அறையா இருந்தா முதல்லயே ஒரு வார்த்தை கேட்டுருங்க. சாவிக்கு நடந்த சண்டையெல்லாம் எங்க வளவுல பாத்தாச்சு.) கனத்த சுவரு, ரோட்டுச் சத்தம் எட்டாது. எதிரொலிக்கு ஃபோம் ஷீட்டே வேணாம். அந்த ஒரு இஞ்சு ஃபோம் மேல் சுருதிச் சத்தத்தை மட்டும் உறிஞ்சும், கீழ்ச் சுருதிச் சத்தம் அப்படியே அறைக்குள்ள சுத்தும். கல்யாணத்துக்குன்னு தச்சு அடுக்கி வச்ச பஞ்சு மெத்தை உங்க வீட்டுல இல்லாமலா இருக்கும்? ரெண்டு மூலையில நிமித்தி வைங்க, சுவத்தோட ஒட்டாம ஒரு சாண் இடம் விட்டு. இன்னொண்ணு உங்க முதுகுக்குப் பின்னால. எல்லாரும் மைக்குக்குப் பின்னாலதான் மாட்டுவாங்க. ஆனா நம்ம வாங்குற கார்டியாய்டு மைக் தன் முகத்துக்கு நேரா இருக்கறதைத்தான் பிடிக்கும், அதாவது உங்களையும் உங்க பின்னால இருக்கிற சுவரையும். தரையில ஜமுக்காளம். செலவு ஒரு பைசா கிடையாது, சுவத்துலயும் கீறல் விழாது.

சாமான் அறையில ஒரு தொல்லை உண்டு. என் அறையில பித்தளைச் சாமான் பரண் வரைக்கும் அடுக்கியிருக்கு. நான் குரலைத் தாழ்த்தி ஒரு வாக்கியத்தை முடிச்சா, அதுக்குப் பிறகு ‘ங்ங்’னு ஒரு இழை ஓடும். அறையில நிக்கும்போது கேக்காது, ஹெட்போன்லதான் கேக்கும். அதே சுருதியில முனகிக்கிட்டே ஒவ்வொரு பாத்திரமா விரலை வச்சு அழுத்திப் பார்த்தேன். கடைசியில ஒரு தூக்குச்சட்டியோட மூடி! உள்ள பழைய துணியைத் திணிச்சதும் அடங்கிருச்சு. நீங்களும் மைக் வந்த அன்னிக்கே இதைப் பாத்துருங்க.

பிறகு ஃபேனை நிறுத்திட்டு 10 விநாடி பேசாம ரெக்கார்டு பண்ணி, ஆடாசிட்டியில (ஒலியைப் பதிஞ்சு வெட்டி ஒட்டுற இலவச மென்பொருள்) அளந்து பாருங்க. அதுல 0-தான் உச்ச அளவு, சத்தம் குறையக் குறைய மைனஸ்ல இறங்கும். அறைச் சத்தம் மைனஸ் 60 டெசிபெல்லுக்குக் கீழ இருக்கணும். இது அமேசானோட ஆடியோபுக் தளமான ஏசிஎக்ஸ் வச்சிருக்கிற அளவு. அந்தத் தளத்துல இந்தியாவுல இருக்கிறவங்க கணக்குத் தொடங்க முடியாது, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்துக்காரங்களுக்கு மட்டும்தான். ஆனா அளவுகோல் நல்ல அளவுகோல். பேச்சோட சராசரி மைனஸ் 23-லேருந்து மைனஸ் 18-க்குள்ள, உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டாம. இதுக்குள்ள நின்னா எந்தக் கம்பெனியும் திருப்பி அனுப்பாது. பேசும்போது லேப்டாப் சார்ஜரைக் கழட்டிருங்க. இன்வெர்ட்டர்ல கரண்ட் ஓடுற நேரத்துல அந்த வயர் வழியாத்தான் முனகல் வரும்.

இப்ப மைக். ஆடியோ டெக்னிகா ஏடி2020, எக்ஸ்எல்ஆர் மாடல் (மூணு முள் மைக் வயர் சொருகுறது). கூட ஸ்கார்லெட் சோலோ இன்டர்ஃபேஸ், அதுல மைக்குக்குக் கரண்ட் குடுக்கிற 48 வோல்ட் பட்டன் இருக்கு, இந்த மைக்குக்கு அது வேணும். காதை முழுசா மூடுற ஹெட்போன் ஒண்ணு, கனமான ஸ்டாண்டு, ‘ப’ சொல்லும்போது மைக்குல காத்து அடிக்காம தடுக்கிற பாப் ஃபில்டர். மிச்சத்துக்கு ஒரு ஹார்டு டிஸ்க் வாங்குங்க. யூடியூப்ல எல்லாரும் காட்டுற ஷூர் எஸ்எம்7பி மைக் உங்க பணம் மொத்தத்தையும் தின்னுட்டு, இன்னும் கெயின் குடு, அதாவது ஒலியைக் கூட்டித் தான்னு கேக்கும்.

பதில் – தேவகோட்டை ரஸ்தா

ஆச்சி சொன்னதோட 90 சதவீதம் ஒத்துப்போறேன். நான் சென்னையில மிக்ஸிங் பண்றவன், எங்களுக்கு வந்து சேர்ற ஃபைலைப் பத்திச் சொல்றேன்.

சின்ன அறையில மெத்தையா அடைச்சா குரல் செத்துரும். மேல் சுருதியை மட்டும் உறிஞ்சி, பெட்டிக்குள்ள உட்கார்ந்து பேசுற மாதிரி ஆயிடும். ஒரு சுவருக்கு மெத்தை வைக்காம விட்டு, அதுக்கு முன்னால புத்தக அலமாரி, மர பீரோ மாதிரி கோணல்மாணலா ஏதாவது வைங்க.

நாய்ஸ் ரிடக்ஷன் (பின்னணிச் சத்தத்தை மென்பொருள்ல அழிக்கிறது) போட்டு அனுப்பாதீங்க. ‘ஸ’, ‘ஷ’ எல்லாம் தண்ணிக்குள்ள பேசின மாதிரி ஆனபிறகு எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ வேவ் ஃபைல். ஐவிஆர் வேலை (போன்ல ‘ஒன்றை அழுத்தவும்’னு சொல்ற குரல்) வந்தா அவங்க 8 கிலோஹெர்ட்ஸ் கேப்பாங்க, பயந்துறாதீங்க, டெலிபோன் லைனுக்கு அவ்வளவுதான். 48 கிலோஹெர்ட்ஸ்லயே பேசி வச்சுக்கிட்டு கடைசியில குறைச்சு அனுப்புங்க.

நீளமான இ-லேர்னிங்குக்கு ஆடாசிட்டியிலேயே பஞ்ச் அண்ட் ரோல்னு ஒரு வசதி இருக்கு. நாக்குப் புரண்டா நிறுத்தி, ரெண்டு விநாடி பின்னால போய் அது மேலயே பேசிட்டுப் போயிட்டே இருக்கலாம். எடிட்டிங் வேலை பாதியாயிரும். பின்னால ரீப்பர்ங்கிற மென்பொருளுக்கு மாறலாம், 60 நாள் இலவசமா ஓட்டிப் பாக்கலாம், சின்ன அளவுல சம்பாதிக்கிறவங்களுக்கு லைசென்ஸ் 60 டாலர். கிளையன்ட் இன்டர்நெட் வழியா நேரலையில கேட்டுக்கிட்டே டைரக்ஷன் தர்றேன்னா கிளீன்ஃபீட்னு ஒரு சேவை இருக்கு, பிரவுசர்லயே ஓடும், இலவசக் கணக்கு உண்டு. வைஃபை வேணாம், லேன் வயரைச் சொருகுங்க. அப்பவும் உங்க பக்கம் தனியா ரெக்கார்டு ஓடணும்.

ஏவிஎம் செட்டியார் 1940-கள்ல காரைக்குடியில ஸ்டுடியோ போட்டுப் படமே எடுத்த ஊருங்க நம்ம ஊரு. உங்களுக்கு ஒரு உள் அறை போதும்.

பதில் – கணக்குப்பிள்ளை

வரி விஷயம் மட்டும். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பெங்களூரு வேறு மாநிலம் என்பதால் பதிவு வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், சேவைக்கு 2017-லேயே அந்த விலக்கு வந்துவிட்டது. பதிவு இல்லாமல் இன்வாய்ஸில் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. கம்பெனி 10 சதவீதம் டிடிஎஸ் (உங்கள் கணக்கில் முன்கூட்டியே கட்டும் வருமான வரி) பிடித்துக்கொண்டு அனுப்பினால் பதற வேண்டாம். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்து வையுங்கள். இன்வாய்ஸுக்கு சோஹோ இன்வாய்ஸ் இலவசம். பேபால் 2021 ஏப்ரல் முதல் வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும்தான், உள்ளூர் வரவுக்கு வங்கிக் கணக்கோ யுபிஐயோ.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை இன்றே செய்யுங்கள். அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது, பணம் கேட்கிறவர்கள் இடைத்தரகர்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு தொழில் செய்கிறவருக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. வைத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. உத்யம் எண்ணை இன்வாய்ஸின் தலையில் போடுங்கள், காலில் அல்ல.

பள்ளத்தூரான்

ஆச்சி, அண்ணே, ஐயா, மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. அறை கிடைச்சிருச்சு, எங்க பங்குதான். ரேட் பத்தி யாரும் சொல்லலையே? பெங்களூருக்காரங்க அக்ரிமென்ட் அனுப்பிட்டாங்க. ‘எந்த ஊடகத்திலும், எந்தத் தொழில்நுட்பத்திலும், காலவரையறையின்றி’ன்னு ஒரு வரி இருக்கு. கையெழுத்துப் போடலாமா?

காரைக்குடி ஆச்சி

அந்த வரியோட போடாதீங்க தம்பி. பாடம் அவங்க தளத்துல எத்தனை வருஷம் ஓடினாலும் ஓடட்டும், இ-லேர்னிங்ல அதுதான் வழக்கம். ஆனா ‘எந்தத் தொழில்நுட்பத்திலும்’னு இருந்தா உங்க குரலை ஏஐக்குப் பழக்கி, அடுத்த பாடத்தை நீங்க இல்லாமலே பேச வச்சுக்கலாம். ‘இந்தப் பதிவைச் செயற்கைக் குரல் உருவாக்கவோ பயிற்றுவிக்கவோ பயன்படுத்தக் கூடாது’ன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. சண்டை போடுற தொனியில எழுதாதீங்க, திருத்தின ஃபைலை அனுப்பி ‘இதைச் சேர்த்திருக்கேன், பாருங்க’ன்னா போதும். எனக்குப் பெரும்பாலும் மறுபேச்சில்லாம ஒத்துக்கிட்டாங்க. ஒரு ஏஜென்சி மட்டும் ஒத்துக்கலை, அந்த வேலையை விட்டுட்டேன்.

ரேட்டு நிமிஷக் கணக்குதான், அதுவும் முடிஞ்ச ஆடியோவோட நிமிஷம். வார்த்தைக் கணக்குன்னா நமக்கு நட்டம். ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’ உங்களுக்கு ஒரு வார்த்தைக் காசு, அதையே இங்கிலீஷ்ல பேசுறவருக்கு மூணு வார்த்தைக் காசு. விளம்பரம் வந்தா அது வேற கணக்கு, எந்த ஊடகம், எத்தனை மாசம்னு கேட்டுட்டுத்தான் விலையே சொல்லணும்.

ரீடேக்கையும் எழுதிக்கங்க. நீங்க தப்பா வாசிச்சா இலவசம். ஒப்புதல் குடுத்தபிறகு அவங்க ஸ்கிரிப்டை மாத்தினா தனிக் காசு. எடுத்ததுமே முழுப் பாடமும் பேசிறாதீங்க. முதல் பக்கத்தை மட்டும் பேசி அனுப்பி, வேகம், உச்சரிப்பு எல்லாம் சரின்னு மெயில்ல எழுதி வாங்கிட்டு மிச்சத்தைப் பேசுங்க. வாட்ஸ்அப்ல கட்டைவிரல் காட்டினா அது ஒப்புதல் இல்லை.