மறு: "டோனர் யூனிட்" என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். பழுதான ஒரு கருவியைச் சரிசெய்ய, உறுப்புகளைக் கழற்றிக்கொள்வதற்காகவே வைத்திருக்கும் இன்னொரு பழைய கருவிதான் "டோனர் (donor) யூனிட்". அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் ஒருவர் கேட்டிருந்தார்:

> "உதிரிக் கருவி" போதாதா? எல்லோருக்கும் புரியுமே.

புரியும்; ஆனால் வேறொன்றாகப் புரியும். உதிரிச் சக்கரம் என்றால், எடுத்தவுடன் மாட்டி ஓட்டக்கூடிய நல்ல சக்கரம். நாம் பெயர் தேடுவதோ இனி ஓடவே போகாத ஒரு பெட்டிக்கு. பட்டறைகளில் புழங்கும் "கண்டம்" எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் 'எடைக்குப் போட வேண்டியது' என்ற தீர்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. அப்படி எடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தானே நமக்கு இந்தச் சொல்லே வேண்டியிருக்கிறது?

பழைய அளவுக் கருவிகளில் இப்படிப்பட்ட பெட்டி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அளவுக் கருவிகள் செய்யும் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உறுப்புகளுக்குத் தன் சொந்த எண்களையே இட்டது. கையேட்டில் 151-0190-00 என்று கண்டு மலைக்க வேண்டியதில்லை; அது சில ரூபாய்க்குக் கிடைக்கும் 2என்3904 டிரான்சிஸ்டர்தான். 155 என்று தொடங்கும் எண் வந்தால்தான் நெஞ்சு கனக்கும். அவை அந்த நிறுவனம் தனக்கென்றே செய்துகொண்ட சில்லுகள். அந்த நிறுவனத்தின் 2465 என்ற அலைவுகாட்டியில் (ஆசிலோஸ்கோப்) ஒளிப்புள்ளியை இடமிருந்து வலமாக இழுக்கும் 155-0241-02 அப்படிப்பட்டது. அது போய்விட்டால் திரையில் நிமிர்ந்த ஒற்றைக் கோடுதான் மிஞ்சும். கடையில் பெயர் சொல்லி வாங்கும் பொருளாக அது ஒருநாளும் இருந்ததில்லை. சில்லு செய்யும் பிரிவையே நிறுவனம் 1994இல் மாக்சிம் என்ற சில்லு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஆகவே, பெரும்பாலும் இன்னொரு 2465ஐத் திறப்பதுதான் வழி.

அந்த 'இன்னொரு' பெட்டிக்கு நான் முன்வைக்கும் சொல் தருகருவி.

"கொடைக்கருவி" என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் யாரோ கல்லூரி ஆய்வகத்துக்கு இலவசமாகக் கொடுத்த கருவி என்றும் அதைப் படிக்கலாம். "கழற்றுகருவி" என்றால் திருப்புளிதான் நினைவுக்கு வருகிறது.

தருகருவி வினைத்தொகை. தந்த, தருகிற, தரும் என மூன்று காலமும் அதில் அடங்கும். என் அலமாரியில் திரைக்குழாய் உடைந்த ஓர் அலைவுகாட்டி இருக்கிறது. அதன் மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "மின்மாற்றி: எடுத்தாயிற்று. குமிழ் இரண்டு: எடுத்தாயிற்று. தணிப்பான் சுவிட்ச்: இருக்கிறது, தொடர்புகள் சுத்தம்." சென்ற மாதம் அதன் கீழே "விசிறி: இன்று கழற்றுகிறேன்" என்று எழுதினேன். எழுதும்போதே இந்தச் சொல் மனத்தில் விழுந்தது.

இன்னொரு வசதி, இணைச்சொல் தானாக அமைகிறது: உறுப்பை வாங்கிப் பிழைக்கும் கருவி பெறுகருவி.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊறுகாய், சுடுசோறு போல இங்கும் வல்லினம் மிகாது. "தருக்கருவி" என்று எழுதினால் 'தருக்கு' என்ற செருக்கு உள்ளே புகுந்துவிடும். தரு என்றால் மரமும் ஆகும் என்று சிலர் சொல்லக்கூடும். பழுதுபார்ப்புக் குறிப்பில் அந்தக் குழப்பம் வர இடமில்லை.

பழுதுபார்ப்பு ஏட்டில் இரண்டு வரிகள் எழுதிப் பார்த்தேன். உங்கள் காதுக்கு எப்படி ஒலிக்கிறது என்று சொல்லுங்கள்:

"தருகருவியின் திரைக்குழாய் உடைந்தது, கிடைவீச்சுச் சில்லு நலம். ஈயம் உறிஞ்சிக் கழற்றிப் பெறுகருவியில் பொருத்தினேன். கோடு மீண்டும் அலையாக விரிந்தது."