சீட்டை எறியாதவரிடம் பிளஃப் செய்யலாமா?

டிக்கோயாக்காரன்:
நேற்றிரவு ஒன்லைன் போக்கரில், 2 சதமும் 5 சதமும் பிளைண்டாக (சீட்டைப் பார்க்கும் முன்னரே இருவர் வைக்கும் கட்டாயப் பந்தயம்) உள்ள டொலர் மேசையில் ஆடிய ஒரு கையைப் பற்றி அண்ணன்மாரின் கருத்தை அறிய விரும்புகிறேன். பட்டனில் (கடைசியாகப் பேசும் இடத்தில்) இருந்த எனக்குக் கிளாவர் ஆசும் கிளாவர் ராணியும் வந்தன. 20 சதத்துக்கு உயர்த்தினேன். பெரிய பிளைண்டில் இருந்தவர் மட்டும் அதே தொகைக்குக் கோல் செய்தார். சிறிய பிளைண்டின் 2 சதத்தோடு பொட், அதாவது நடுவில் சேர்ந்த பணம், 42 சதம். எல்லாருக்கும் பொதுவான சீட்டுகளாகக் கிளாவர் ராஜா, கிளாவர் எட்டு, டைமன் நான்கு விழுந்தன. 30 சதம் வைத்தேன்; கோல். அடுத்தது இஸ்பேட் இரண்டு, 70 சதம் வைத்தேன், மறுபடியும் கோல். கடைசிச் சீட்டு டைமன் ஒன்பது. ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) சேராததால், ராஜா ஜோடி இருப்பவனைப் போல நடித்து, பிளஃப்பாக 2 டொலர் 40 சதம் வைத்தேன். அவர் இரண்டு விநாடிகூட யோசிக்காமல் கோல் செய்து, ஆட்டின் ஐந்தையும் ஆட்டின் நான்கையும் காட்டினார். வெறும் ஒரு நான்கின் ஜோடிக்கு 3 டொலர் 60 சதம் போய்விட்டது. இத்தகையவர்களிடம் பிளஃப்பே கூடாதா, அல்லது நான் செய்த விதம்தான் பிழையா?

கணக்கப்பிள்ளை, தலவாக்கலை:
கூடாது தம்பி. 2.42 பொட்டில் 2.40 வைத்தால், அவர் ஏறத்தாழ இரண்டுக்கு ஒரு தடவை சீட்டை எறிந்து விலகினால்தான் உங்கள் பணம் உங்களிடம் மிஞ்சும். நிறுவையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று தேயிலைக் கொழுந்தைக் கழிப்பதைப் போல, ஆட்டத்தை நடத்தும் தளமும் தன் பங்கைக் கழிக்கிறது என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பிளஃப் பலித்தாலும் உங்கள் கைக்கு வருவது 2.30தான், அப்போது அவர் எறிய வேண்டிய அளவு பாதிக்குச் சற்றுக் கீழிருந்து பாதிக்கு மேல், 51 சதவீதத்துக்குப் போய்விடுகிறது. நான்கின் ஜோடியை இரண்டு தடவை விடாதவர் மூன்றாவது தடவை விடுவார் என்று எதை வைத்து நம்பினீர்கள்? அதே மனிதரிடம் ராஜாவும் ஜாக்கியும் வைத்துக்கொண்டு அதே தொகைகளை வைத்திருந்தால், இதே வேகத்தில் உங்களுக்குக் கொடுத்திருப்பார். பணம் அங்கேதான் இருக்கிறது.

ஊவாக்காரன், பண்டாரவளை:
கணக்கப்பிள்ளை ஐயா சொல்லும் கணக்கில் பிழையில்லை. ஆனால் “இத்தகையவர்கள்” என்று எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் லயத்து வாசலில், ஏலம் கேட்டு ஆடும் முந்நூற்று நான்கு என்ற சீட்டாட்டம் ஆடும்போது, யார் எவ்வளவு கேட்டாலும் அதற்கு மேல் கேட்கும் மாமா ஒருவர் எங்கள் தோட்டத்தில் இருந்தார். ஆனால் துரும்பு திறந்து இரண்டு வெட்டு விழுந்ததும் அவருடைய முகம் மாறிவிடும். ஒன்லைன் மேசையிலும் அப்படித்தான். முதல் மூன்று சீட்டுகளைப் பார்க்க எந்தக் கையையும் கொண்டு வருபவர் ஒருவகை. கடைசிவரை எதையும் விடாதவர் இன்னொரு வகை. முதல் வகையினர் மேசையில் ஒன்றும் பொருந்தாவிட்டால் உடனே விட்டுவிடுவார்கள். அவர்களிடம் 42 சதப் பொட்டில் 20 சதம் வைத்தால், மூன்றில் ஒரு தடவை எறிந்தாலே ஏறக்குறைய சமமாகிவிடும்.

கணக்கப்பிள்ளை, தலவாக்கலை:
அந்த 20 சதத்தை நான் மறுக்கவில்லை. கேள்வி 2.40 பற்றியது.

ஊவாக்காரன், பண்டாரவளை:
சரி, அந்த 2.40க்கு வருவோம், அதில் நான் உங்களைவிடக் கடுமையாகவே பேசுவேன். தம்பி, கடைசியில் உங்களிடம் ஆசு, அதாவது மிகப் பெரிய சீட்டு, இருந்தது. பல கைகளோடு உள்ளே வருபவரிடம், சேராமல் போன கிளாவர்களும், ஏழு ஆறு போன்ற உடைந்த கைகளும் நிறைய இருக்கும். அவற்றையெல்லாம் உங்கள் ஆசு சும்மா செக் செய்தே (பந்தயம் வைக்காமல் விட்டே) வென்றிருக்கும். நீங்களோ பெரிய தொகையை வைத்து, உங்களிடம் தோற்கும் கைகளை எறியச் செய்து, உங்களை வெல்லும் ஜோடிகளை மட்டும் எதிரே உட்காரவைத்தீர்கள். பிளஃப்புக்கு ஏற்ற கை அதுவன்று. கிளாவர் ஏழும் கிளாவர் ஆறும் கையில் இருந்து ஒன்றும் சேராமல் போயிருந்தால் கதை வேறு. செக் செய்து அந்தக் கை ஏறக்குறைய எவரையும் வெல்லாது. அப்போது 80 சதம் வைக்கலாம். பொட்டில் மூன்றில் ஒரு பங்கு என்பதால், நான்கில் ஒரு தடவை எறிந்தாலே போதும். அவரிடம் ராணியோ ஜாக்கியோ தனியாக இருந்தால் அதைக்கூடப் போட்டுவிடுவார்.

லிந்துலை மழை:
மூன்றாவது பந்தயத்தையே எல்லாரும் பேசுகிறீர்கள். எனக்கு இரண்டாவதுதான் உறுத்துகிறது. தம்பி பட்டனில், கடைசியாகப் பேசும் இடத்தில் இருந்தார். 70 சதம் வைக்காமல் செக் செய்திருந்தால், கடைசிச் சீட்டைக் காசில்லாமல் பார்த்திருக்கலாமே?

கணக்கப்பிள்ளை, தலவாக்கலை:
அதைச் சொல்ல நான் மறந்துவிட்டேன். நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அவருடைய சீட்டு இப்போது தெரியும் என்பதால் எண்ணிப் பார்க்கலாம்: மிச்சமுள்ள 9 கிளாவர், 3 ஆசு, 3 ராணி ஆகிய 15 சீட்டுகள், வெளிவராத 44இல், தம்பியைக் காப்பாற்றியிருக்கும். அது 34 சதவீதம். எறியவே மாட்டாதவரிடம் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்போடு பொட்டைப் பெரிதாக்குவது, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 22 சதத்தைத் தானமாகக் கொடுப்பதாகும். முதல் 30 சதத்தை நான் குறை சொல்லமாட்டேன். அப்போது இரண்டு சீட்டுகள் வர இருந்தன, வாய்ப்பும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி.

ஊவாக்காரன், பண்டாரவளை:
எறியவே மாட்டார் என்பது ஆட்டம் முடிந்த பிறகு எழுதும் கணக்கு, ஐயா. இரண்டாவது பந்தயத்தின்போது தம்பிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் அந்த 70 சதத்தை நானும் வைத்திருப்பேன்.

டிக்கோயாக்காரன்:
தெரிந்திருக்க நியாயம் இருந்தது, அண்ணன். அரை மணித்தியாலத்துக்கு முன்னர் இரு வேறு ஜோடிகள் வைத்திருந்த ஒருவருக்கு அவர் ஒரு ஆறின் ஜோடியோடு கடைசிவரை கொடுத்ததைப் பார்த்தேன், பார்த்தும் குறித்துவைக்கவில்லை. இன்று மாலை அவரே மறுபடியும் என் மேசைக்கு வந்தார். ஒன்பதும் எட்டும் வைத்திருந்த எனக்கு எதுவும் சேரவில்லை. நீங்கள் சொன்னபடி மூன்றில் ஒரு பங்கு வைத்தேன். அவர் நேரம் முடியும்வரை எதையும் செய்யவில்லை. அவருடைய சீட்டைத் தளமே எறிந்துவிட்டது. யோசித்தாரா, அல்லது சிக்னல் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

கணக்கப்பிள்ளை, தலவாக்கலை:
ஊவாக்காரர் இதை வெற்றியென்று எழுதுவதற்கு முன்னர் சொல்லிவிடுகிறேன்: எங்கள் பக்கம் மாலை நான்கு மணியிலிருந்து சிக்னல் இல்லை.