தோற்பல்லா, பற்செதிலா?

அன்புள்ள அண்ணாச்சிக்கும் கலைச்சொல் குழுவினருக்கும் வணக்கம்.

பிளாக்காய்டு செதில் என்று நாம் ஒலிபெயர்த்து எழுதிவரும் சுறாத்தோலின் நுண்செதிலுக்குத் ‘தோற்பல்’ என்னும் சொல்லை அண்ணாச்சி முன்வைத்திருந்தீர்கள். அச்செதிலின் உள்ளமைப்பை அச்சொல் சரியாகவே சுட்டுகிறது. நடுவில் கூழ் நிறைந்த குழி, அதைச் சூழ டென்டைன் என்னும் பல்லின் உட்பொருள், அதன்மேல் எனாமலை ஒத்த கடினப் பூச்சு என்று பல்லின் கட்டமைப்பு முழுவதும் அதில் இருக்கிறது. மற்ற மீன்களின் செதில் மீனோடு சேர்ந்து வளரும். சுறாவின் செதிலோ முளைத்த அளவிலேயே நின்று, ஒரு நாள் உதிர்ந்து, புதியதற்கு இடம்விடும். இத்தனையும் தங்கள் சொல்லுக்கு ஆதரவான செய்திகளாக இருந்தும், அதை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பால் ஆனது. அது பெரும்பாலும் மக்கிப்போவதால், கல்லில் எஞ்சுபவை பல்லும் துடுப்பு முள்ளும் செதிலுமே. அமெரிக்காவின் கொலராடோவில் ஹார்டிங் மணற்கல் எனப்படும் ஓர்டோவீசியக் காலப் பாறையில், சுறாவின் செதிலை ஒத்த நுண்செதில்கள் கிடைத்துள்ளன. அவை 45 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவை சுறாக் குலத்தைச் சேர்ந்தவையே என்று எல்லா ஆய்வாளரும் ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பற்களில் மிகப் பழையவையாக இன்று அறியப்படுபவை, சீனத்தின் குய்சோ பகுதியில் கண்டெடுக்கப்பட்டு 2022இல் விவரிக்கப்பட்ட கியானோடஸ் என்னும் மீனின் பற்கள். அவற்றின் வயது ஏறத்தாழ 43.9 கோடி ஆண்டுகள். அதாவது செதிலுக்கும் பல்லுக்கும் இடையே ஒரு கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. இதனினும் வலுவான சான்று தெலோடோன்ட் என்னும் தாடையற்ற மீன்கள். கடிக்கத் தாடையே இல்லாத அவற்றின் உடலையும் இத்தகைய டென்டைன் செதில்கள்தாம் போர்த்தியிருந்தன.

செதிலிலிருந்துதான் பல் வந்ததா, அது தனியே தோன்றியதா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. எனினும் மூத்தது செதில் என்பதைப் பாறைகள் காட்டுகின்றன. அதைத் ‘தோலில் முளைத்த பல்’ என்று அழைப்பது, அண்ணனுக்குத் தம்பியின் பெயரை இடுவது போலாகும் என்று கருதுகிறேன். ஆகவே, ‘செதில்’ நிலைமொழியாகாமல் வருமொழியாக, தலைமைச் சொல்லாக நிற்கும்படி, ‘பற்செதில்’ என்று ஆக்கலாம் என்பது என் முன்மொழிவு. புணர்ச்சியை விட்டுப் ‘பல்செதில்’ என்று எழுதினால், பல்பொருள் என்பதுபோல் பல செதில்கள் என்று படிக்க இடமுண்டு. றகரம் அந்த மயக்கத்தைத் தீர்த்துவிடுகிறது.

எங்கள் உவரியில், புட்டுக்குப் பால்சுறா வாங்கும் நாளில் அம்மா வெந்நீர் ஊற்றித் தோலைச் சுரண்டுவார்கள். அப்போது உதிர்வதை ‘மணல்’ என்பார்கள். ‘மணற்செதில்’ என்றும் எண்ணிப் பார்த்தேன். கைக்குத் தெரியும் சொரசொரப்பை அது சொல்கிறது, பொருளின் தன்மையைச் சொல்லவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

*

தம்பிக்கு,

வயது முறையை ஒப்புக்கொள்கிறேன். தெலோடோன்டை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு தடைகள் உள்ளன. ‘பற்செதில்’ என்பது பல்லிலிருந்து பெயர்ந்த செதில் என்றும் பொருள்படும். ஹெலிகோப்ரியான் என்னும் அழிந்துபோன மீனின் கீழ்த்தாடையில் நூற்றுக்கும் மேற்பட்ட பற்கள் வட்டமாகச் சுருண்டிருப்பதைப் ‘பற்சுருள்’ என்று இக்குழுவில் முன்பே வழங்கிவருகிறோம். அங்கே பற்களால் ஆன சுருள், இங்கே பல் போன்ற செதில், ஆக ஒரே வார்ப்பில் இரு வேறு பொருள்கள் வருகின்றன. அடுத்து, நம் கடற்கரையில் சுறாவைச் செதில் இல்லாத மீன் என்றே கொள்கிறார்கள். உவரியில் பிறந்த தம்பிக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

*

அண்ணாச்சிக்கு,

தொகைச்சொல்லில் இம்மயக்கம் இயல்பானதே. கயல்விழி என்றால் கயல் போன்ற விழி என்று கொள்கிறோமேயன்றி, கயலின் விழி என்று ஒருவரும் கொள்வதில்லை. பற்செதிலையும் உவமைத்தொகையாகக் கொள்ளலாம், வரையறையில் அதைத் தெளிவாக எழுதிவிடலாம். இரண்டாவது தடை, என் எண்ணத்தில், இச்சொல்லுக்கான தேவையையே காட்டுகிறது. வாளைக்கும் சுறாவுக்கும் ஒருசேரச் செதில் இல்லை என்று சொல்லும் கடற்கரைப் பிள்ளைக்கு, வாளைக்கு மெய்யாகவே இல்லை, சுறாவுக்கு வேறு வகைச் செதில் உண்டு என்று பிரித்துச் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருக்கிறது.

*

தம்பிக்கு,

கயல்விழிக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ‘பற்செதில்’ என்றே பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். வரையறையின் கீழே, ‘உவரிப் பக்கம் மணல் என்று வழங்கும்’ என்னும் குறிப்பையும் எழுதி அனுப்புங்கள். அது இல்லாமல் இப்பதிவை நான் ஏற்கமாட்டேன்.