பனியில் சைக்கிளா, வீட்டுக்குள் டிரெய்னரா? முதல் குளிர்காலத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

அக்டோபர் பாதி தாண்டினால் போதும், ஒரே கேள்வி நான்கைந்து பேரிடமிருந்து வந்துவிடும். "அண்ணா, கோடை முழுக்க சைக்கிளில்தான் வேலைக்குப் போனேன். இனிமேல் பனி கொட்டுமாம். சைக்கிளைத் துடைத்து மூலையில் வைத்துவிடவா? வீட்டுக்குள் ஒரு டிரெய்னர் போட்டு மிதித்தால் போதுமா?" (டிரெய்னர் என்றால் சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் கருவி.) எல்லோருமே குளிர் நாட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினொரு குளிர்காலம் பனியில் ஓட்டியிருக்கிறேன், அதே பதினொரு குளிர்காலமும் வீட்டுக்குள் மிதித்தும் இருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குளிருக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம், வழுக்கலுக்குத்தான் பயப்பட வேண்டும். புதிதாக வந்தவர்கள் காலையில் போனை எடுத்து எத்தனை டிகிரி என்று மட்டும் பார்க்கிறார்கள். மைனஸ் 12 என்றால் போர்வைக்குள் திரும்பிப் போய்விடுகிறார்கள். பிளஸ் 1 என்றால் நிம்மதியாகச் சைக்கிளை எடுக்கிறார்கள். ஓட்டிப் பழகியவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். மைனஸ் 12-இல் பனி காய்ந்து கிடக்கும், காலை வைத்தால் நறநறவென்று சத்தம் வரும், டயர் நன்றாகப் பிடிக்கும். பூஜ்யத்தை ஒட்டிய நாள் அப்படி இல்லை. பகலில் உருகியது இரவில் கண்ணாடியாக உறைந்திருக்கும், காலையில் அதன்மேல் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும். சைக்கிளுக்கு அதைவிட மோசமான தரை கிடையாது.

என் இரண்டாவது குளிர்காலத்தில் இதைத் தெரியாமல்தான் விழுந்தேன். அன்று சாலை வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது. ஒரு சின்னப் பாலத்தில் ஏறினேன். அங்கேயும் அதே கருப்பு, அதே பளபளப்பு. ஆனால் பாலத்தில் இருந்தது தண்ணீர் இல்லை, பிளாக் ஐஸ், அதாவது அடியில் இருக்கும் தார் தெரிகிற அளவுக்கு மெல்லிய, நிறமில்லாத ஐஸ். சாதாரணச் சாலைக்கு அடியில் இருக்கும் மண் கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பாலத்துக்கு மேலேயும் காற்று, கீழேயும் காற்று, அதனால் அதுதான் முதலில் உறையும். முன் சக்கரம் பக்கவாட்டில் போனதை நான் உணர்வதற்குள் தோள் தரையில் இருந்தது. மணிக்கட்டு எலும்பு விட்டுப்போய் ஆறு வாரம் கட்டு. அன்றிலிருந்து மூன்று வேலை செய்யாமல் கிளம்புவதில்லை. வாசலில் காலணியை அழுத்தித் தேய்த்துப் பார்ப்பேன். சாலை பளபளக்கிறது, ஆனால் போகிற கார் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது ஐஸ் என்றே எடுத்துக்கொள்வேன். பாலம், மரநிழல், வெயில் படாத சுவரோரம் வந்தால் மிதிப்பதையும் நிறுத்தி, பிரேக்கையும் தொடாமல், ஹேண்டில்பாரை நேராக வைத்து அப்படியே உருண்டு போக விட்டுவிடுவேன்.

ஓட்டுவது என்று முடிவெடுத்தால் மற்ற எதையும் வாங்குவதற்கு முன்னால் ஆணி டயர் வாங்குங்கள். டயரின் ரப்பரில் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் செய்த ஆணிகள் பதித்திருப்பார்கள், ஒரு டயரிலேயே நூறு, இருநூறு, அதற்கு மேலும் இருக்கும். இரண்டு சக்கரத்துக்கும் வாங்க இந்த மாதம் கையில் காசு இல்லையா? சரி, முன் சக்கரத்துக்கு மட்டும் வாங்கிப் போடுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் விழுவதுதான். புது டயரை முதல் 40 கிலோமீட்டராவது வெறும் தார்ச் சாலையில் நிதானமாக ஓட்டுங்கள், அப்போதுதான் ஆணிகள் ரப்பரில் சரியாக உட்காரும். காய்ந்த சாலையில் கரகரவென்று சத்தம் வரும், சைக்கிள் கனமாக இழுக்கும், அரை மணி நேர வழி நாற்பது நிமிடமாகும். அந்தப் பத்து நிமிடத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். இருபது டிகிரி அறையில் அடித்த காற்று மைனஸ் பத்தில் தானாகவே இறங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஆணி டயர் ஐஸுக்குத்தான், ஆழமான பனிக்கு இல்லை. கணுக்கால் அளவு புதுப் பனி விழுந்திருந்தால் எந்த சாதாரண டயரும் திணறும். நாலு அங்குல அகல டயரோடு ஃபேட் பைக் என்று ஒன்று உண்டு, அது காட்டுப் பாதைக்கும் பனிப் பாதைக்கும் அருமையான வண்டி. வேலைக்குப் போய்வர அது தேவையே இல்லை.

இன்னொரு ஆபத்து, உறைந்துபோன கார்த்தடம். மாலையில் சேறாக இருந்த பனியில் கார்கள் ஓடியிருக்கும், இரவில் அது அப்படியே கல்லாகிவிடும். மறுநாள் காலையில் வாய்க்கால் வாய்க்காலாகக் கிடக்கும். முன் சக்கரம் அதில் இறங்கினால் அது போகிற பக்கம்தான் நீங்களும் போக வேண்டும். அந்த மாதிரி இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், நான் இன்றைக்கும் தள்ளுகிறேன். இருக்கையை ஒரு விரல் அளவு இறக்கி வைத்தால் கால் சட்டென்று தரையைத் தொடும். திருப்பத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், திருப்பத்துக்குள் பிரேக் பிடிக்காதீர்கள். பிடித்தே ஆக வேண்டும் என்றால் பின் பிரேக்கை மெதுவாக.

வண்டிப் பராமரிப்பு வேலை கோடையைவிட மூன்று மடங்காகும். பனி உருகுவதற்காகச் சாலையில் போடும் உப்பு செயினைச் சில நாட்களிலேயே துருப்பிடிக்க வைத்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவையாவது வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். மட்கார்டு கட்டாயம். கேபிள் உறைக்குள் தண்ணீர் புகுந்தால் உறைந்து கியர் மாறாது. பின் சக்கரத்துப் பிரீவீலில் (மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தை உருள விடும் பாகம்) கிரீஸ் இறுகிவிட்டால் பெடல் சும்மா சுற்றும், சக்கரம் நகராது. ஈர வண்டியைச் சூடான அறையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு உடனே வெளியே எடுத்தால் இந்தத் தொல்லையெல்லாம் அதிகமாகும். ஒன்று முழுதாகக் காயவிடுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த ஷெட்டிலேயே விட்டுவிடுங்கள்.

உடை பற்றிச் சுருக்கமாக. வாசலில் நிற்கும்போது கதகதப்பாக இருந்தால் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள். முதல் பத்து நிமிடம் கொஞ்சம் குளிர வேண்டும், அப்புறம் உடம்பே சூடேறும். உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கும். கம்பளியோ செயற்கை நூலோ போடுங்கள், மேலே காற்றுத் தடுப்பு ஒன்று. காற்றே இல்லாத நாளிலும் மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் அந்தக் காற்றை நீங்களே உண்டாக்குகிறீர்கள். மைனஸ் 10 அப்போது மைனஸ் 18 போல உறைக்கும். கைக்கு ஐந்து விரலும் தனியாக இருக்கும் உறையைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் உறை நல்லது. காலுக்கு இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கமான காலணிக்குள் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும்தான் விறைக்கும். மூக்கு நுனி, காது, விரல் நுனி மரத்துப் போனாலோ வெளுத்தோ சாம்பல் நிறமாகவோ ஆனாலோ உடனே உள்ளே போய்விடுங்கள். நம் மாநிறத்தில் வெளுப்பு சட்டென்று தெரியாது, அதனால் மரப்பைத்தான் அடையாளமாக வைத்துக்கொள்ள வேண்டும். தேய்க்கக் கூடாது. உணர்வு திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

"இவ்வளவு பாடு எதற்கு, உள்ளேயே மிதித்துவிடலாமே?" உடற்பயிற்சி மட்டும்தான் நோக்கம் என்றால், ஆமாம், உள்ளேயே மிதியுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. மேத்யூ ஹேமன் என்ற ஆஸ்திரேலியப் பந்தய வீரர் 2016 பிப்ரவரியில் கை எலும்பு முறிந்து, வாரக்கணக்கில் வீட்டில் டிரெய்னரில்தான் மிதித்தார். அதே ஏப்ரலில் கற்கள் பாவிய சாலைகளுக்குப் பேர்போன பாரிஸ்-ரூபே பந்தயத்தில் முதலாவதாக வந்தார், 37 வயதில். 2020-இல் சர்வதேச சைக்கிள் சங்கம் வீட்டுக்குள் இருந்தபடியே ஓட்டும் பந்தயத்துக்கு உலகச் சாம்பியன் பட்டமே கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அதனால் உள்ளே மிதிப்பதை இரண்டாம் தரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெளியே சிக்னலில் நிற்போம், இறக்கத்தில் சும்மா உருளுவோம். உள்ளே அதெல்லாம் இல்லை, நாற்பத்தைந்து நிமிடம் என்றால் நாற்பத்தைந்து நிமிடமும் மிதிதான்.

ஆனால் முதல் வாரத்திலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்கு முக்கியக் காரணம் சூடு. நம் உடம்பு செலவழிக்கும் சக்தியில் கால்பங்கோ அதற்கும் குறைவோதான் பெடலுக்குப் போகிறது, மீதி எல்லாம் வெப்பம். பெடலில் 150 வாட் சக்தி வரும்படி மிதித்தால் நானூற்றைம்பது, ஐந்நூறு வாட் வெப்பம் உடம்பிலிருந்து கிளம்பும். வெளியே காற்று அதைக் கொண்டுபோய்விடும். சாத்திய அறையில் அது எங்கேயும் போகாது. இருபது நிமிடத்தில் இதயம் படபடக்கும், "எனக்கு ஸ்டாமினா இல்லை" என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிடுவோம். ஒரு பெரிய மின்விசிறியை நெஞ்சுக்கு நேராக வைத்து, ஜன்னலை இரண்டு விரல் திறந்துவிட்டுப் பாருங்கள், அதே உடம்பு ஒரு மணி நேரம் தாங்கும். ஜன்னல் திறப்பதில் இன்னொரு பயனும் உண்டு. குளிர் நாட்டு வீடுகள் இறுக்கமாக மூடியிருக்கும், வியர்வை ஈரம் சுவரில் இறங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஹேண்டில்பார் மேல் ஒரு துண்டைப் போடுங்கள், வியர்வையும் உப்புத்தான், திருகுகளைத் தின்றுவிடும்.

டிரெய்னரில் மூன்று வகை. பின் டயரை ஒரு உருளையில் அழுத்துவது மலிவு, சத்தம் அதிகம். பின் சக்கரத்தையே கழற்றிவிட்டுச் செயினை நேராக மாட்டுவது விலை கூடுதல், சத்தம் குறைவு. ரோலர் என்பது மூன்று உருளைமேல் சைக்கிளைப் பிடிமானம் இல்லாமல் ஓட்டுவது, சமநிலை நன்றாக வரும், பழகச் சில நாள் ஆகும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழே தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள். காதில் விழும் சத்தத்தைவிடத் தரை வழியாக இறங்கும் அதிர்வுதான் கீழ்வீட்டுக்காரருக்குத் தொந்தரவு. வாங்கியதும் ஒரு தடவை கீழே போய்க் கதவைத் தட்டி, எந்த நேரம் சரிப்படும் என்று கேட்டுவிடுங்கள்.

அப்படியானால் நான் ஏன் இன்னும் வெளியே போகிறேன்? வெளிச்சத்துக்காக. முதல் குளிர்காலத்தில் எனக்கு நேர்ந்தது இது: இருட்டில் வேலைக்குப் போனேன், இருட்டில் திரும்பினேன், மாலையில் சுவரைப் பார்த்து டிரெய்னரில் மிதித்தேன். கால் வலுவாகத்தான் இருந்தது. ஜனவரியில் யாரிடமும் பேசவே பிடிக்கவில்லை, போன் அடித்தால் எடுக்கத் தோன்றவில்லை. குடும்பத்தை விட்டுத் தனியாக வந்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். மேகம் மூடிய நாளிலும் வெளி வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு. அடுத்த வருடம் வாரத்துக்கு இரண்டு நாள் பகலில் வெளியே ஓட்ட ஆரம்பித்தேன், அந்தக் குளிர்காலம் வேறு மாதிரி போனது. சைக்கிள்தான் என்று இல்லை, வழுக்குகிற நாளில் நடங்கள். ஆனால் பகலில் வெளியே போங்கள். (வைட்டமின் டி இதில் சேராது. வடக்கே தள்ளிப் போகப் போகக் குளிர்கால வெயிலில் அது உடம்பில் உண்டாவது மிகக் குறைவு, நம் தோலுக்கு இன்னும் குறைவு. மருத்துவரிடம் கேட்டு மாத்திரையாக எடுங்கள்.) மனச்சோர்வு வாரக்கணக்கில் போகவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், தயங்காதீர்கள்.

இப்போது என் வழக்கம் இது. தரை காய்ந்த பனியாகவோ வெறும் தாராகவோ இருந்தால், மைனஸ் பதினைந்து வரை வெளியே. பூஜ்யத்தை ஒட்டி ஊசலாடும் நாள், உறைமழை (தரையில் பட்டதும் ஐஸாகிவிடும் மழை) பெய்த நாள், புதுப் பனியை இன்னும் தள்ளாத காலை, இவற்றில் பஸ். கடினமான பயிற்சி எல்லாம் உள்ளே. பனியில் வேகம் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

நீங்கள் வந்திருக்கும் ஊரைப் பொறுத்தும் நிறைய மாறும். பின்லாந்தில் ஔலு என்று ஒரு ஊர், ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே. அங்கே குளிர்காலம் முழுக்கச் சின்னப் பிள்ளைகள்கூடச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் ஓட்டம் பற்றிய முதல் சர்வதேச மாநாடு 2013-இல் அங்கேதான் நடந்தது. காரணம் அவர்களுடைய வீரம் இல்லை. காருக்கு வேறாகச் சைக்கிளுக்குப் பாதை இருக்கிறது, பனி விழுந்ததும் அதை ஒழுங்காகத் தள்ளி அழுத்திவிடுகிறார்கள். உங்கள் ஊரில் சைக்கிள் பாதையில் எப்போது பனி தள்ளுகிறார்கள் என்று நகராட்சியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படி ஒன்றே இல்லை, கார்களுக்கு நடுவில்தான் ஓட்ட வேண்டும் என்றால், முதல் குளிர்காலத்தில் நான் உங்களை ஓட்டச் சொல்ல மாட்டேன்.

அடிக்கடி வரும் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மின் சைக்கிள் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்தபிறகு போடுங்கள். குழந்தையைப் பின்னால் உட்கார வைத்துப் பனியில் ஓட்டலாமா என்று கேட்டால், உங்கள் முதல் குளிர்காலத்தில் வேண்டவே வேண்டாம்.

முதல் பனி விழுந்ததும் உடனே வேலைக்கு ஓட்டாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான கார் நிறுத்துமிடத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போங்கள். ஹெல்மெட், தடித்த கையுறை, இருக்கை கொஞ்சம் இறக்கி. மெதுவாக வட்டமடித்து, வேண்டுமென்றே பின் பிரேக்கைப் பிடித்து, சக்கரம் எப்படி நழுவுகிறது என்று பாருங்கள். இருபது நிமிடம் போதும். அன்று நழுவுவது பழகிவிட்டால் வார நாளில் ஓட்டிப் பாருங்கள், பழகவில்லை என்றால் அடுத்த ஞாயிறும் அங்கேயே போங்கள். உங்கள் ஊர்ச் சாலை எப்படி என்று இங்கே எழுதினால், ஓட்டலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.