நல்ல சோடியின் முட்டைகளை வேறு சோடிக்கு அடை வைத்துக் கூடுதல் குஞ்சு எடுக்கலாமா?

கேள்வி – உவர்மலைவாசி

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் ஐந்து சோடிப் புறாக்கள் வைத்திருக்கிறேன். அவற்றில் ஒரு ஹோமர் (பந்தயப் புறா இனம்) சோடி மட்டுமே நல்ல வழிவந்தது. மற்ற நான்கும் நாட்டுப் புறாக்கள். மாரி தொடங்குவதற்கு முன்னர் ஹோமரிலிருந்து இயன்றளவு குஞ்சுகள் எடுக்க எண்ணி, அதன் இரு முட்டைகளையும் அடையிலிருந்த ஒரு நாட்டுச் சோடிக்கு மாற்றி வைத்தேன். அச்சோடி மறுப்பின்றி அடைகாத்தது, இரண்டும் பொரித்தன. ஆனால் மறுநாள் மாலை ஒரு குஞ்சு இறந்து கிடந்தது. மற்றதைக் கையில் எடுத்தபோது அதன் தீனிப்பை (தின்றது தங்கும் கழுத்தடிப் பை) வெறுந்தோலாய்க் கழுத்தோடு ஒட்டியிருந்தது. விடியும் முன் அதுவும் போய்விட்டது. பெடை குஞ்சுகளை விட்டு எழும்பவே இல்லை, சூடும் குறையவில்லை. பின் ஏன் ஊட்டவில்லை? மாற்றுக் குஞ்சு என்று கண்டுகொண்டதா? நாட்டுச் சோடி, ஹோமருக்கு ஐந்து நாட்கள் பிந்தியே முட்டையிட்டது என்பதையும் குறிப்பிடுகிறேன்.

பதில் – கொட்டியாரத்தான்

தம்பி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. புறா தன் முட்டையையோ சிறு குஞ்சையோ அடையாளம் கண்டு வெறுப்பதில்லை. தன் கூட்டில் இருப்பது எதுவாயினும் தன்னுடையது என்றே நினைக்கும். ஆனால் பொரித்த குஞ்சுக்கு முதல் மூன்று நான்கு நாட்கள் தானியம் உதவாது. தாயும் தந்தையும் தீனிப்பையில் சுரக்கும் புறாப் பால் மட்டுமே உணவு. அப்பால் அடைகாத்தலின் இறுதியில், பொரிப்பதற்கு ஏறத்தாழ இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் ஆயத்தமாகும். இரண்டாவது முட்டையிலிருந்து 17 அல்லது 18 நாட்களில் பொரிக்கும் என்பது கணக்கு. உங்கள் நாட்டுச் சோடிக்கோ அப்போது 12 அல்லது 13 நாட்களே ஆகியிருந்தன. ஊட்ட மனமிருந்தும் ஊட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலையின் பாறை இடுக்குகளில் வாழும் மாடப்புறாக்கள்தான் நம் கூட்டுப் புறாக்களின் ஆதி இனம். அவற்றின் உடற்கணக்கும் இதுவே.

ஆகவே இரு சோடிகளும் முட்டையிட்ட நாட்களுக்கிடையே இரண்டு நாட்களுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. வளர்ப்புச் சோடி சற்று முந்தியிருந்தால் பெரிய பாதகமில்லை. பால் ஆயத்தமாக இருக்கும், கெடு கடந்தும் இரண்டொரு நாள் பொறுமையாக அடையிருக்கும். ஹோமர் முந்திவிட்டால், அதன் முட்டைகளை அடைச்சூடு ஏறுவதற்கு முன்பே எடுத்து, குளிர்ச்சியான அறையில் தவிட்டின் மேல் படுக்க வைத்து, காலை மாலை புரட்டிவிட்டு, இரண்டு மூன்று நாட்கள் காத்திருக்கலாம். கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி ஆவணியில் நான் அதற்குமேல் வைப்பதில்லை.

முதல் முட்டை பெரும்பாலும் மாலையில் வரும். இரண்டாவது அதற்கு அடுத்த நாளுக்கு மறுநாள் பிற்பகலில் வரும். முதல் முட்டையை உடனே எடுத்துப் போலி முட்டை வைத்து, இரண்டாவது வந்ததும் இரண்டையும் சேர்த்து அடை வைத்தால், குஞ்சுகள் ஒரே நாளில் பொரித்து ஒரே அளவில் வளரும். ஒவ்வொரு முட்டையிலும் கரிப் பென்சிலால் திகதியும் சோடி எண்ணும் எழுதிவிடுங்கள். நினைவை நம்பி நான் ஒருமுறை ஏமாந்து, யாருடைய குஞ்சு எது என்று இன்றுவரை அறியாத இரண்டு புறாக்களுக்குத் தீன் போட்டு வருகிறேன்.

பதில் – தம்பலகாமத்தான்

மேலே அண்ணன் எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன்; ஆயினும் ஹோமர் பெடையைப் பற்றி யாரும் பேசவில்லை. முட்டைகளை எடுத்துவிட்டால் எட்டுப் பத்து நாட்களில் அது மீண்டும் முட்டையிடும். அதைப் பார்த்து ஆசைப்பட்டுத் தொடர்ந்து எடுத்தால் ஓடு மெலியும், பின்னர் ஓடில்லாத தோல் முட்டை வரும், இறுதியில் முட்டை உள்ளேயே சிக்கிப் பெடையையே இழக்க நேரிடும். நான் இரண்டு முறைக்கு மேல் எடுப்பதில்லை. மூன்றாவதைத் தானே வளர்க்க விடுவேன். இடைவெளியில் போலி முட்டையின் மேல் அடையிருக்க விட்டாலும் அதற்கு ஓய்வுதான். முட்டை ஓடு உறுதியாகப் பெடைக்குச் சிப்பி ஓடு தின்னக் கொடுக்க வேண்டும்; அதற்குத் திருகோணமலைக்காரர் காசு கொடுக்க வேண்டியதில்லை. கடற்கரையில் பொறுக்கி, உப்புப் போகப் பலமுறை கழுவி, காயவைத்து இடித்துப் போடுங்கள்.

இன்னொன்று: குஞ்சை இடம் மாற்றுவதைவிட முட்டையை மாற்றுவதே பாதுகாப்பானது. தொண்டைப் புண் நோய் ஊட்டும்போது வாய்வழியாகப் பரவுவது, முட்டையோடு வருவதில்லை. ஆனால் ஊட்டும் சோடிக்கு அந்நோய் இருந்தால் உங்கள் உயர்ந்த வழிக் குஞ்சுக்கும் அது கிடைத்துவிடும். எனவே வளர்ப்புச் சோடியின் வாயைத் திறந்து மஞ்சள் படிவு உண்டா என்று முன்கூட்டியே பாருங்கள்.

கேள்வி – உவர்மலைவாசி

இருவருக்கும் நன்றி. மேலும் ஓர் ஐயம். ஒரே சோடிக்கு மூன்று குஞ்சுகள் வைக்கலாமா?

பதில் – கொட்டியாரத்தான்

வைக்கலாம், நான் வைப்பதில்லை. மூன்றும் ஒரே அளவாக இருந்தாலும், நான்கைந்து நாட்களில் ஒன்று பின்தங்கும். முண்டி அலகை நீட்டுவதற்கே முதலில் கிடைக்கும். அதைவிட, அடையின் ஆறாம் நாள் இரவில் முட்டைகளை டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோல் தெரிந்தால் கரு உண்டு; நரம்பே இல்லாமல் வெறுமையாகத் தெரிந்தால் கூமுட்டை. ஒரு கூமுட்டை உள்ள கூட்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறதல்லவா, ஒத்த நாளுடைய ஹோமர் முட்டையை அங்கே வையுங்கள். யாருக்கும் சுமை கூடாது. பொரித்த பின்னர் தினமும் மாலையில் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். ஏழாம் நாளளவில் காலில் அடையாள வளையம் போட்டுவிடுங்கள், பிந்தினால் கால் தடித்து வளையம் ஏறாது.

பதில் – உவர்மலைவாசி

தச்சரிடம் ஆறு மர முட்டைகள் கடையக் கொடுத்துள்ளேன். ஒரு நாட்டுச் சோடி நேற்று மாலை முதல் முட்டையை இட்டது. ஹோமர் இணை சேர்ந்துவிட்டது, இன்னும் முட்டையிடவில்லை.

பதில் – கொட்டியாரத்தான்

நாளை மாலைக்குள் ஹோமர் முதல் முட்டையை இட்டால் மாற்றுங்கள். அதற்குப் பிந்தினால் அந்த நாட்டுச் சோடியை விட்டுவிட்டு, அடுத்து முட்டையிடும் சோடிக்காகக் காத்திருங்கள், தம்பி.