கடைவாய்ப்பல் இடுக்கில் காம்போசிட்: சாப்பாடு சிக்காமல் அடைக்க

"அடைச்ச இடத்துல சோறு சிக்குது டாக்டர்" என்று வருகிற கேஸ்களில் பெரும்பாலும் காண்டாக்ட் (பக்கத்துப் பல்லோடு தொடும் இடம்) விட்டிருக்கும். அமால்கமை (வெள்ளி அடைப்பு) இடித்து நிரப்பும்போது அது மேட்ரிக்ஸ் பேண்டை, அதாவது பல்லைச் சுற்றி வைக்கும் மெல்லிய தகட்டை, பக்கத்துப் பல்லோடு தள்ளும். பல் நிறத்து அடைப்பான காம்போசிட்டுக்கு அந்த வலு கிடையாது. பல்லை முழுதும் சுற்றும் டாஃபிள்மையரின் தட்டைப் பேண்டை விட்டுவிட்டு, ஒரு பக்கத்துக்கு மட்டும் வைக்கும் வளைவுள்ள செக்‌ஷனல் பேண்டும், அதைப் பிடித்துப் பற்களை விலக்கும் ரிங்கும் போடுங்கள். குடைவதற்கு முன்பே வெட்ஜை (பல் இடுக்கில் செருகும் ஆப்பு) செருகிவிட்டால் பல் லேசாக விலகும், பக்கத்துப் பல்லிலும் பர் (குடையும் முனை) படாது. வெட்ஜ் பெரிதாக இருந்தால் பேண்ட் உள்பக்கம் பிதுங்கி, காண்டாக்ட் வரவேண்டிய இடமே குழிந்துவிடும். ஒட்டுவதற்கு முன் பேண்டின் அடிவிளிம்பில் கூர்நுனிக் கருவியான ப்ரோபை ஓட்டிப் பாருங்கள்; நுனி உள்ளே நுழைந்தால் காம்போசிட் ஈறுப்பக்கம் வழியும்.

*

காண்டாக்ட் சரி, பாக்ஸின் (பல் இடுக்குப் பக்கம் குடைந்த பெட்டி போன்ற குழி) அடித்தளத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை சொத்தை பிடிப்பது அங்கேதான். பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் டேம் கட்டாயம். ரத்தமோ எச்சிலோ பட்டால் பாண்டிங் (காம்போசிட்டைப் பல்லோடு ஒட்டும் திரவம்) பிடிக்காது. முதலில் எட்ச், அதாவது பாண்டிங் பிடிக்க ஆசிட் தடவுவது: 37% பாஸ்பாரிக் ஆசிட் எனாமலில் (பல்லின் மேலோடு) 15 முதல் 30 விநாடி. டென்டினில் (அதற்கு அடியில் உள்ள பகுதி) 15 விநாடிக்கு மேல் வேண்டாம். யுனிவர்சல் பாண்டிங் என்றால் எனாமலை மட்டும் எட்ச் செய்தால் போதும். பாண்டிங்கை 20 விநாடி நன்றாகத் தேய்த்து, அலையாமல் நிற்கும் வரை காற்று விடுங்கள். மூலையில் தேங்கினால் எக்ஸ்ரேயில் கறுப்புக் கோடாகத் தெரியும், பிறகு பார்ப்பவர் சொத்தை என்று நினைப்பார். முதல் அடுக்கு ஃப்ளோவபிள் (வழியும் பதத்துக் காம்போசிட்), அரை மில்லிமீட்டர். காம்போசிட்டை இறுகவைக்கும் லைட்டின் நுனிக்கும் அடித்தளத்துக்கும் 6, 7 மி.மீ. இடைவெளி இருப்பதால் இந்த அடுக்குக்கு மட்டும் 40 விநாடி கொடுங்கள். பேண்டைக் கழற்றியதும் கன்னப்பக்கமும் நாக்குப்பக்கமும் தலா 20 விநாடி.

*

நிரப்பும் வரிசையும் முக்கியம். முதலில் பேண்டை ஒட்டிய வெளிச்சுவரை, பக்கத்துப் பல்லின் விளிம்பு உயரத்துக்கே எழுப்புங்கள். மீதி வெறும் மேல்குழிதான். ஒவ்வொரு முகடாக, சாய்வாக, 2 மி.மீ.க்கு மிகாமல். தடித்த அடுக்காக வைப்பதற்கென்றே உள்ள பல்க் ஃபில் காம்போசிட்டை 4 மி.மீ. வரை வைக்கலாம். காம்போசிட் இறுகும்போது 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். எதிரெதிர் சுவர்களை ஒரே அடுக்கில் இணைத்தால் முகடுகள் இழுபடும், எனாமல் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும், கடித்தால் கூசும்.

முடிந்ததும் பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூல் 'டக்'கென்று இறங்க வேண்டும். நார் நாராகப் பிய்ந்தால் ஓரத்தில் காம்போசிட் துருத்திக்கொண்டிருக்கிறது.

*

கடித்தால் வலி என்றதும் அடைப்பைப் பெயர்க்காதீர்கள். முதலில் உயரத்தைப் பாருங்கள். மரத்த வாயில், படுத்தபடி கடித்தால் கடி சரியாக விழாது. நாற்காலியை நிமிர்த்தி, கடிபடும் இடத்தில் சாயம் பதிக்கும் பேப்பர் வைத்துக் கடிக்கச் சொல்லி, பக்கவாட்டிலும் அரைக்கச் சொல்லுங்கள். விளிம்பின் மேல் அழுத்தமாகப் பதிந்த புள்ளியை மட்டும் தேய்த்தால் போதும்.