20 பெட் ஆஸ்பத்திரி கட்டறோமுங்க, பேஷண்ட்டுக்கு நெசமா எது வேணும்?

தாராபுரத்தான்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. தங்கச்சியும் மாப்ளயும் டாக்டருங்க, தாராபுரம் பக்கம் சொந்த எடம் அரை ஏக்கர் இருக்குது, அதுல 20 பெட் ஆஸ்பத்திரி கட்டறோம், கட்டட சோலி பூரா என் தலைல. இஞ்சினியர் போட்ட பிளான்ல மேக்க ரோட்ட பாத்து முழுக்க கண்ணாடி, நடுவுல காரிடார், ரெண்டு பக்கமும் ரூமு, எல்லாத்துக்கும் ஏசி. படத்துல ஜவுளிக்கடையாட்டம் பளபளன்னு இருக்குது. எங்க அமுச்சிய ஒருக்கா ஐசியூல வெச்சிருந்தப்ப பகலா ராத்திரியான்னே தெரியாம "வெடிஞ்சிருச்சா கண்ணு"ன்னு கேட்டுட்டே இருந்தாங்க, அந்த வெசனத்துலதான் கேக்கறேன். படுத்திருக்கறவங்களுக்கு நல்லா இருக்கோணும்னா எத மாத்தறதுங்க?

கோவை கட்டடக்காரன்:
மொதல்ல அந்த நடு காரிடார தூக்குங்க. காரிடார் ஒரு பக்கம், ரூமு ஒரு பக்கம்னு வந்தா காத்து குறுக்கால ஓடும். ஸ்ப்ளிட் ஏசி உள்ள இருக்கற காத்தயேதான் சுத்தி சுத்தி விடும், ஒருத்தர் இருமுனா ரூம் பூரா அதேதான். சாதா வார்டுல ஜன்னல் காத்த நம்பி இருந்தா ஒரு பேஷண்ட்டுக்கு செகண்டுக்கு 60 லிட்டர் வரோணும்னு டபிள்யூஎச்ஓ 2009லயே சொல்லியாச்சு. உங்கூரு பாலக்காட்டு கணவாய் காத்து வர்ற ரூட்டு, ஆடில மேக்கால இருந்து அடிக்கற புழுதிக்கும் சாயங்கால வெயிலுக்கும் நேரா கண்ணாடிய நிறுத்தறீங்க, கரண்டு பில்லு பாத்து அப்பறம் அழுவீங்க. மேக்க மாடிப்படி, ஸ்டோரு போட்டுட்டு ரூமெல்லாம் வடக்கு தெக்கு பாத்து வைங்க.

ஜன்னலப்பத்தி ஒண்ணு. 1984ல ரோஜர் உல்ரிச்னு ஒருத்தரு, பென்சில்வேனியா ஆஸ்பத்திரி ஒண்ணுல பித்தப்பை ஆபரேஷன் ஆனவங்கள பாத்து எழுதுனாரு. ஜன்னல்ல மரம் தெரிஞ்சவங்க, செங்கச் செவுரு தெரிஞ்சவங்களவிட கொஞ்சம் சீக்கிரமா வீட்டுக்கு போனாங்க, ஸ்ட்ராங்கான வலி மருந்தும் கம்மியாத்தான் தேவப்பட்டுச்சு. மொத்தமே 46 பேருதான், அதயே வேதவாக்கா புடிச்சுக்க வேண்டாம், ஆனா அரை ஏக்கர வெச்சுக்கிட்டு காம்பவுண்டு செவுத்த பாக்கறதுக்கு எதுக்குங்க ஜன்னலு. நாலு வேம்பு, புங்கை வைங்க. ஜன்னல் அடி ரெண்டு ரெண்டரை அடி ஒசரத்துல இருந்தாத்தான் படுத்துட்டே பாக்க முடியும், அதுக்கு மேல போனா வானந்தான்.

பின்லாந்துல பைமியோன்னு ஒரு டிபி சானடோரியம், 1933ல தொறந்தது, ஆல்வார் ஆல்டோ டிசைன். படுத்திருக்கறவரு நாளெல்லாம் பாக்கறது சீலிங்கத்தானேன்னு அதுக்கு கண்ணு கூசாத கலரு அடிச்சு, லைட்ட கண்ணுல படாத எடத்துல வெச்சாரு. வாஷ்பேசின்ல தண்ணி விழற சத்தம் பக்கத்து பெட்டுக்காரர எழுப்பிரக்கூடாதுன்னு அதயுங்கூட சரிவா செஞ்சாரு பாருங்க.

நைட் டூட்டி சிஸ்டர், திருப்பூர்:
லைட் விசயம் நூத்துக்கு நூறு. ஒரு பெட்டுக்கு டிரிப்ஸ் மாத்த சுச்ச போட்டா வார்டே எந்திரிச்சிரும், அதனால பெட்டுக்கு தனித்தனி லைட்டு, பாத்ரூம் போற வழில தரையோட ஒட்டி சின்ன லைட்டு, இது ரெண்டும் வயரிங் பண்ணும்போதே சொல்லிப்போடுங்க. பாத்ரூம் கதவு வெளிய தொறக்கற மாதிரி இருக்கோணும், உள்ள மயங்கி கதவுக்கு குறுக்க விழுந்துட்டா தள்ளவே முடியாது, தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளிய இருந்து நீக்கற டைப்பா வேணும். பெல் கயிறு தரை வரைக்கும் தொங்கட்டும், விழுந்தவங்களுக்குத்தான் அது வேணும், நின்னுட்டிருக்கறவங்களுக்கு எதுக்கு. ரிசப்ஷனுக்கு கிரானைட் போட்டுட்டு பாத்ரூமுக்கு வழுக்கற டைல்ஸ் போடறவங்கள என்ன சொல்றது!

கோபி வாய்க்காக்கரை:
எல்லாஞ்சரிங்க, கூட இருக்கறவங்க எங்க போவாங்க? நம்மூர்ல ஒரு பேஷண்ட்டுக்கு ரெண்டு பேரு துணை, பொழுதோட ஒறம்பரை ஒரு வேன்ல வந்து எறங்கும், அத்தன பேரும் பெட்டச் சுத்தி நின்னு ஆபரேஷன் கதைய மொதல்ல இருந்து கேப்பாங்க. வெளிய மரத்தடில திண்ணை கட்டி உட்டீங்கன்னா பாதிப்பேரு அங்கயே உக்காந்துக்குவாங்க. ரூம்ல கால் நீட்டி படுக்க ஒரு பெஞ்சு, துணி காயப்போட எடம், சுடுதண்ணி. இல்லீன்னா படிக்கட்டுல படுப்பாங்க, கைப்பிடி பூரா துண்டு தொங்கும்.

தாராபுரத்தான்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். தங்கச்சி திண்ணைக்கு உடனே சரின்னுருச்சு. மாப்ளதான் கண்ணாடி இல்லீன்னா ஆஸ்பத்திரி மாதிரியே இருக்காதுங்கறாரு.

கோவை கட்டடக்காரன்:
ரிசப்ஷனுக்கு மட்டும், நல்லா முன்னால நீட்டி போர்டிகோ போட்டு குடுத்துருங்க, அவரும் சந்தோசமா இருக்கட்டும். பிளான் படத்த இங்க போடுங்க, வடக்கு எதுன்னு குறிச்சு போடுங்க.